மனிதவளப் பட்டம்: வந்தாறுமூலையா, வட்டியில்லாக் கடனா, அடகு நகையா?

மனிதவள முகாமைத்துவம் படிக்க ஆசைப்படும் மட்டக்களப்பு, அம்பாறைப் பிள்ளைகளுக்கு முன்னால் மூன்று வழி இருக்கிறது. வந்தாறுமூலையில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கோ ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கோ அரசாங்கச் செலவில் போகலாம். அரசாங்கத்தின் வட்டியில்லாக் கடனில் தனியார் பட்டம் படிக்கலாம். நகையை அடகு வைத்தோ வங்கியில் கடன் எடுத்தோ முழுக் கட்டணமும் கட்டிப் படிக்கலாம். நாலாவதாக ஒன்றும் உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன். கையில் வரும் பட்டம் மூன்றிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். முதல் சம்பளம் வரும் மாதத்தில் மிஞ்சும் காசில்தான் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

முதலில் வேலையைப் பார்ப்போம். ஏசி அறையில் இருந்து நேர்முகத் தேர்வு நடத்துவதுதான் எச்.ஆர்., அதாவது மனிதவள வேலை, என்று நினைத்துப் போகிறவர்கள் நிறையப் பேர். நம்மூரில் ஒரு நடுத்தர நிறுவனத்தில் அந்த மேசைக்கு வரும் வேலை வேறு மாதிரி. கைரேகை மெஷினிலிருந்து வரவை எடுத்து, லீவைக் கழித்து, ஓவர்டைம் கூட்டி, சம்பளப் பட்டியல் போட வேண்டும். ஊழியர் சேமலாப நிதிக்கு (ஈ.பி.எஃப்.) ஊழியரின் சம்பளத்தில் 8 வீதம், முதலாளியின் பங்காக 12 வீதம், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு (ஈ.டி.எஃப்.) முதலாளியின் 3 வீதம் என்று பிரித்து அடுத்த மாதம் முடிவதற்குள் அனுப்ப வேண்டும். குறைந்தபட்சச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபா, 2026 ஜனவரியில் 30,000 ரூபா என்று சட்டம் மாறும்போதெல்லாம் பட்டியலையும் மாற்ற வேண்டும். பொறுப்பான வேலை, மதிக்க வேண்டிய வேலை. ஆனால் பாசிக்குடா ஹோட்டல்களையும் சில ஆடைத் தொழிற்சாலைகளையும் விட்டால், இங்கே ஒரு கந்தோருக்கு ஒருவர்தான் தேவைப்படுகிறார். பல இடங்களில் கணக்குப் பார்ப்பவரே இதையும் பார்த்துவிடுகிறார். பெரிய மனிதவளப் பிரிவுகள் இருப்பது கொழும்பிலும் கட்டுநாயக்கா, பியகம ஏற்றுமதி வலயங்களின் பக்கத்திலும்தான்.

சரி, கணக்குக்கு வருவோம். எடுத்துக்காட்டுக்குச் சில தொகைகளை வைத்துக்கொள்கிறேன், உங்கள் தொகையைப் போட்டுப் பாருங்கள். கொழும்பில் 60,000 ரூபா சம்பளத்தில் வேலை. சேமலாப நிதிக்கு 4,800 போனால் கைக்கு வருவது 55,200. போர்டிங், சாப்பாடு, பஸ் எல்லாம் சேர்த்து 30,000 என்றால் மிச்சம் 25,200. மட்டக்களப்பில் அதே வேலைக்கு 45,000தான் தருகிறார்கள் என்று வையுங்கள். 3,600 கழித்தால் 41,400. வீட்டில் இருந்து போய்வந்து 10,000 செலவழித்தால் மிச்சம் 31,400. சம்பளம் குறைந்த வேலையில்தான் கூட மிஞ்சுகிறது! கடன் கட்டுவது இந்த மிச்சத்திலிருந்து. சம்பளக் கடிதத்தில் இருக்கும் தொகையைப் பார்த்துக் கடன் எடுக்கிறவர்கள் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

2017இல் தொடங்கிய வட்டியில்லாக் கடன் திட்டத்தில் வட்டியை அரசாங்கம் ஏற்கிறது. படிப்பு முடிந்த பிறகுதான் தவணை. 8 இலட்சம் எடுத்து 8 ஆண்டில் திருப்பினால் மாதம் 8,333 ரூபா. கொழும்பு வேலையிலும் கட்டலாம், இங்கேயும் கட்டலாம். இறுக்கிப் பிடித்தால் வீட்டுக்கும் ஏதாவது அனுப்பலாம். படிப்புக் கட்டணம் கடன் தொகையைத் தாண்டினால் மேலதிகக் காசு எங்கிருந்து வரும் என்பதை மட்டும் முதல் நாளே பேசி முடிக்க வேண்டும். அந்த மேலதிகம்தான் சத்தமில்லாமல் அடகுக் கடைக்குப் போகும்.

இனி மூன்றாவது. 15 இலட்சத்தை 14 வீத வட்டியில் 7 ஆண்டுக்கு எடுத்தால் மாதத் தவணை ஏறக்குறைய 28,100. மொத்தமாகக் கட்டுவது 23 இலட்சத்து 60 ஆயிரத்துக்குக் கிட்ட. கொழும்பில் மிஞ்சிய 25,200ஐயும் முழுதாகக் கொடுத்த பிறகும் கிட்டத்தட்ட 3,000 ரூபா குறைகிறது. அந்தக் குறையை உம்மாவோ அம்மாவோதான் நிரப்புவார்கள். இந்தப் படிப்புக்கு இந்தக் கடன் வேண்டாம் என்று நான் திட்டமாகவே சொல்வேன். சம்பளம் ஏறும் என்பார்கள். ஏறும்தான், கொழும்பில் அதற்குப் பதவி உயர்வுகளும் உண்டு. ஆனால் முதல் இரண்டு மூன்று வருடத் தவணையை அந்த எதிர்காலச் சம்பளம் வந்து கட்டாது. மகளின் கல்யாணத்துக்கென்று வைத்திருந்த நகை ஏலத்துக்குப் போனால் அது திரும்பி வராது.

அரசாங்கப் பல்கலைக்கழகத்தைப் பற்றி அதிகம் வாதாட வேண்டியதில்லை. படிப்புக் கட்டணம் இல்லை. 2025 வரவு செலவுத் திட்டம் மகாபொல மாதாந்தப் புலமைப்பரிசிலை 5,000 ரூபாவிலிருந்து 7,500 ஆக்கியது. வணிகப் பிரிவு அனுமதியில் மாவட்டக் கோட்டாவுக்கு மேல் பின்தங்கிய மாவட்டங்களுக்கு என்றும் இடம் ஒதுக்குகிறார்கள், அந்தப் பட்டியலில் நமது இரண்டு மாவட்டங்களும் உண்டு. இதன் விலை காலம். அனுமதிக்குக் காத்திருப்பது, போராட்டங்களால் பரீட்சை தள்ளிப்போவது எல்லாம் சேர்ந்து வருடங்களைத் தின்னும். பட்டம் முடிந்ததும் அரசாங்க நியமனத்துக்கென்றே உட்கார்ந்துவிடுவது இன்னொரு ஆபத்து. 2017இல் காந்தி பூங்காவில் வேலையற்ற பட்டதாரிகள் மாதக்கணக்கில் சத்தியாக்கிரகம் இருந்ததை மட்டக்களப்பு மறந்திருக்காது. 2020இல் பயிலுநர்களாக எடுக்கப்பட்ட பட்டதாரிகளுக்குக் கொடுத்தது மாதம் 20,000. இருந்தாலும் கடனில்லாத பட்டதாரி 40,000 ரூபா வேலையையும் துணிந்து எடுத்து அனுபவம் சேர்க்கலாம். கடன்காரப் பிள்ளைக்கு அந்தச் சுதந்திரம் இல்லை.

பல்கலைக்கழக அனுமதிக்கு உயர்தர இசட் புள்ளி போதாதவர்களுக்கு என் தெரிவு அந்த நாலாவது வழிதான்: வேலை செய்துகொண்டே படிப்பது. பல்கலைக்கழக அனுமதிக்காக உயர்தரம் மூன்று தடவை எழுதலாம் என்பதால் இன்னொரு முறை முயல்வதும் தவறில்லை. அதற்கு இடையில் ஒரு கடையிலோ ஹோட்டலிலோ சம்பளப் பட்டியல் போடும் எழுதுவினைஞராகச் சேருங்கள், கிடைப்பது குறைந்தபட்சச் சம்பளமாக இருந்தாலும் பரவாயில்லை. 1959இல் தொடங்கிய ஆளணி முகாமைத்துவ நிறுவனம், அதாவது சி.ஐ.பி.எம்., நடத்தும் தொழில்சார் கற்கைகளில் ஒன்றைப் பக்கத்தில் படியுங்கள். பட்டம் வேண்டும் என்று தோன்றும்போது திறந்த பல்கலைக்கழகத்தின் மட்டக்களப்பு நிலையத்தில் விசாரியுங்கள். அங்கே முகாமைத்துவப் பட்டத்துக்குப் பதிவுசெய்யும் பாடங்களுக்குத்தான் கட்டணம், அந்த வருடம் கையில் உள்ள காசுக்கு ஏற்றபடி பாடங்களை எடுக்கலாம்.