நான்கைந்து மாடுகளின் சாணத்துக்கு எது தோது: எருக்குழியா, மண்புழு உரமா, எரிவாயுவா?

தென்னந்தோப்போடு நான்கைந்து கறவை மாடுகளும் வைத்திருப்பவர்களுக்குச் சாணத்தைக் கையாள, கட்டுப்படியாகும் வழிகள் மூன்று. அவற்றில் நாங்கள் தேர்ந்தெடுத்தது சாண எரிவாயுக் கலன்.

எருக்குழிக்குச் செலவில்லை. ஆனால் வெயிலிலும் மழையிலும் திறந்து கிடக்கும் சாணத்திலிருந்து தழைச்சத்து பெருமளவு வீணாகிறது. தென்னைக்கு அதைவிடப் பெரிய கேடு காண்டாமிருக வண்டு. அதன் தடித்த வெள்ளைப் புழுக்கள் மக்கும் எருவுக்குள்தான் சுருண்டு கிடந்து வளர்கின்றன. குழிதான் வேண்டுமென்றால் அந்தப் புழுக்களைக் கொல்லும் மெட்டாரைசியம் பூஞ்சையையாவது கலந்துவிட வேண்டும்.

மண்புழு உரத்துக்கு நல்ல விலை உண்டு. வாங்க ஆள் இருந்தால் அதையே செய்யலாம். ஆயினும் பச்சைச் சாணத்தின் சூடு புழுக்களைக் கொன்றுவிடும் என்பதால் இரண்டு மூன்று வாரம் ஆறவைத்தே தொட்டியில் இட வேண்டும். நிழலும் ஈரமும் குறையாமல், எறும்பு ஏறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கோடையில் சில நாள் கவனிக்காமல் விட்டால் புழுக்கள் மிஞ்சா.

அன்றாடப் பராமரிப்பே எங்கள் முடிவைத் தீர்மானித்தது. 2 கன மீட்டர் கலனுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 50 கிலோ சாணமும் அதே அளவு தண்ணீரும் வேண்டும்; தொழுவம் கழுவிய தண்ணீரே அதற்குப் போதும், பினாயில் மட்டும் கலந்திருக்கக் கூடாது. கையால் கரைக்கும்போதே வைக்கோல் துணுக்குகளைப் பொறுக்கி எறிந்துவிட்டால் உள்ளே கரைசலின் மேல் ஆடை படியாது. வெளியூர் போய்ச் சில நாள் கரைசல் ஊற்றாவிட்டால் வாயு குறையுமே தவிர, கலன் கெட்டுப்போவதில்லை. மண்புழுத் தொட்டிக்கு இந்தப் பொறுமை கிடையாது. இரும்பு மூடி மிதக்கும் பழைய வகைக்குத் துருப்பிடிக்காமல் வண்ணம் பூசிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதால், மண்ணுக்குள் குவிமாடமாகக் கட்டும் தீனபந்து வகையைக் கட்டினோம். அதில் அசையும் பாகமே இல்லை; ஆனால் குவிமாடத்தில் மயிரிழை விரிசல் இருந்தாலும் வாயு கசியும், ஆகையால் இதைக் கட்டிப் பழகிய கொத்தனாரே வேண்டும்.

முழு அளவில் ஊற்றினால் நாளொன்றுக்குக் கிடைக்கும் வாயு, முக்கால் கிலோவுக்குச் சற்றுக் கூடுதலான சிலிண்டர் எரிவாயுவுக்குச் சமம். மார்கழிக் குளிரில் இது குறையும். வெளிவரும் சாணக் குழம்பைக் குவித்துவைக்காமல் வாய்க்கால் வழியே தென்னைப் பாத்திகளுக்கு விடுகிறோம்.

ஆட்டுப் புழுக்கையிலும் கோழி எருவிலும் எனக்குப் பழக்கமில்லை. ஒரே மாடு வைத்திருப்பவருக்குக் கலன் கட்டுப்படியாகாது; அவர் மண்புழுத் தொட்டியே போடலாம்.