70 மி.மீ. ஜெட் ஃபேனும் இரண்டு 6எஸ் பேட்டரியும்: தராசில் வைத்துப் பார்த்த கதை

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பாதிப் பேர் அதற்குத்தான் வருவீர்கள். ரிமோட்டில் பறக்கும் மாதிரி ஜெட் விமானத்துக்குள் மாட்டுகிற இந்த ஃபேன் நன்றாக இருக்கிறது, வாங்கலாம். உறையில் 100சி (எத்தனை ஆம்ப் தரும் என்பதைக் குறிக்கும் எண், கணக்கு கீழே) என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்த பேட்டரி ஜெட்டுக்கு ஆகாது. 50சி என்று அடக்கமாகப் போட்டிருந்த இன்னொன்று விலை கூடத்தான், ஆனால் அதை மாட்டியதும் அதே ஃபேன் வேறு மோட்டார் போட்டது போல ஓடியது. கையில் இருக்கிற காசை மோட்டாருக்குப் போடவா, பேட்டரிக்குப் போடவா என்று கேட்டால் யோசிக்காமல் பேட்டரிக்கு என்பேன்.

பிராண்டு பெயர்களைப் போடவில்லை, கேட்காதீர்கள். ஒரே இடத்தில் செய்த செல்லுக்கு நாலு பெயரில் உறை மாட்டி விற்கிறார்கள், அடுத்த லாட்டில் அதே பெயருக்குள்ளே வேறு செல் வந்து உட்கார்ந்திருக்கும். பெயரைச் சொன்னால் அடுத்த தீபாவளி வரைக்கும்கூடச் செல்லாது. எப்படி அளப்பது என்று தெரிந்தால் எந்தப் பெயர் வந்தாலும் நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

ஃபேன் 70 மி.மீ., 12 பிளேடு, உள்ளே 2200 கே.வி. (ஒரு வோல்ட்டுக்கு நிமிஷத்துக்கு 2200 சுற்று) இன்ரன்னர், அதாவது உள்பகுதி சுற்றும் மோட்டார், 6எஸ் லிப்போவுக்கானது, அதாவது ஆறு லித்தியம் பாலிமர் செல்லை வரிசையாகக் கோத்த பேட்டரிக்கு. பழைய ஐந்து பிளேடு ஃபேன்கள் போடும் கீச்சுச் சத்தம் இதில் இல்லை, கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் கிட்டத்தட்ட நிஜ ஜெட். 23 வோல்ட்டில் 2200 கே.வி. என்றால் கணக்குப்படி நிமிஷத்துக்கு 50,000 சுற்று, காற்றைத் தள்ளும் சுமையோடு 40,000 பக்கம் நிற்கும். அந்த வேகத்தில் பிளேடு நுனி மணிக்கு 530 கி.மீ. அளவில் போகிறது. அதனால்தான் இந்தச் சாமானில் பேலன்ஸ் முக்கியம், அரை கிராம் ஏறுமாறாக இருந்தாலும் கையில் தெரியும். பெட்டியிலிருந்து எடுத்து ஓட்டியபோது நடு த்ராட்டிலில் ஒரு கரகரப்பு இருந்தது. பிளேடுகள் இருக்கும் ரோட்டரைக் கழற்றி, அதை மோட்டார் அச்சோடு இணைக்கும் அடாப்டர் மேல் பென்சிலால் கோடு போட்டுவைத்து, மூன்றில் ஒரு சுற்று திருப்பி மாட்டினேன், பாதி போனது. இன்னொரு மூன்றில் ஒரு சுற்று திருப்பியதும் சுத்தமாகப் போய்விட்டது. பிளேடின் கோணலும் அடாப்டரின் கோணலும் ஒரே பக்கம் சேராமல் ஒன்றை ஒன்று ஈடுகட்டும் இடம் எங்கேயாவது இருக்கும், அதைத் தேடிப் பிடிப்பதுதான் வேலை. புதிதாக வாங்கும் யாரும் இதைச் செய்யாமல் விமானத்துக்குள் ஒட்டிவிடாதீர்கள், ஒட்டிய பிறகு கழற்றுவது பெரிய பாடு.

சோதிக்க லேபரட்டரி ஒன்றும் வேண்டாம். எல் வடிவத்தில் ஒரு மரச்சட்டம், மூலையில் ஒரு போல்ட்டில் ஆடும்படி. மேல் கையில் ஃபேன், படுத்திருக்கும் கையின் நுனி மளிகைக்கடைத் தராசின் மேல். இரண்டு கையும் ஒரே நீளமாக இருந்தால் ஃபேன் தள்ளுவது அப்படியே கிராமில் தெரியும். நடுவில் ஒரு வாட் மீட்டர், பேலன்ஸ் லீடில் (பேட்டரியின் ஒவ்வொரு செல்லிலிருந்தும் வரும் மெல்லிய ஒயர்க் கொத்து) ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகக் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று. சட்டத்தை மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் கிளாம்ப் போட்டு இறுக்கிவிட வேண்டும். ஃபேனுக்கு நேர் பக்கவாட்டில் மட்டும் நிற்கவே கூடாது, பிளேடு உடைந்தால் அந்தத் திசையில்தான் பறக்கும். பின்னால் தள்ளி நின்று செல்போனில் வீடியோ எடுத்துவிட்டு, எண்களை அப்புறம் நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம். முன்பக்கம் காயப்போட்ட துணி எதுவும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள், இது உறிஞ்சுகிற உறிஞ்சலுக்குக் கர்சீப் உள்ளே போய்விடும்.

சரி, பேட்டரிக்கு வருவோம். இரண்டுமே 6எஸ், 5000 எம்.ஏ.எச். (மில்லி ஆம்ப்-அவர், அதாவது 5 ஆம்ப்-அவர் கொள்ளளவு), எடையும் ஏறக்குறைய சமம். சி என்பது கொள்ளளவை எத்தனையால் பெருக்கினால் அது கொடுக்கக்கூடிய ஆம்ப் வரும் என்கிற எண். 5 ஆம்ப்-அவரை 100ஆல் பெருக்குங்கள், 500 ஆம்ப். அதே பேக்கிலிருந்து வெளியே வருவது 12 கேஜ் ஒயர், நுனியில் 60 ஆம்புக்கான எக்ஸ்டி60 கனெக்டர். 500 ஆம்ப் போனால் முதலில் அந்த சால்டர்தான் உருகி ஒழுகும். உறையில் எழுதியவருக்கும் ஒயர் ஒட்டியவருக்கும் பேச்சுவார்த்தையே இல்லை போல. 50சி பேக்கில் தடித்த 10 கேஜ் ஒயரும் அதைவிடப் பெரிய இசி5 கனெக்டரும் இருந்தன. மாட்டுவதற்கு முன்பே பாதி விடை தெரிந்துவிட்டது.

மீதி விடையைச் சார்ஜர் சொல்லும். இப்போது வருகிற நல்ல சார்ஜர்கள் ஒவ்வொரு செல்லின் உள் மின்தடையையும் மில்லி ஓமில் காட்டுகின்றன. 50சி பேக்கில் ஆறு செல்லும் இரண்டரை மில்லி ஓம் பக்கத்திலேயே நின்றன. 100சி பேக்கில் ஐந்து செல் எட்டு, மூன்றாவது செல் மட்டும் 14. கூட்டினால் ஒன்றில் 15, மற்றதில் 54. சின்ன எண்தானே என்று தோன்றும். 70 ஆம்ப் இழுக்கும்போது 54 மில்லி ஓம் கிட்டத்தட்ட நாலு வோல்ட்டைத் தானே தின்றுவிடும், அதாவது ஒரு செல்லுக்குக் காசு கொடுத்துவிட்டு அந்தச் செல் இல்லாமல் பறக்கிறீர்கள். வீட்டில் தண்ணி மோட்டாரைப் போட்டதும் லைட் மங்குமே, அதே கதை.

இரண்டையும் முழு சார்ஜில், அதாவது 25.2 வோல்ட்டில், ஒரே ஃபேனில் ஒரு நிமிஷம் முழு த்ராட்டில் வைத்தேன். குறித்துக்கொள்ள வேண்டியது பத்தாவது விநாடி எண்கள், ஏனென்றால் முதல் விநாடியில் எந்தப் பேட்டரியும் வீரம் காட்டும். 50சி பேக்: 23.3 வோல்ட், 78 ஆம்ப், 1800 வாட்டுக்குக் கொஞ்சம் மேல், தராசில் 2.3 கிலோ. 100சி பேக்: 21.1 வோல்ட், 64 ஆம்ப், 1350 வாட், 1.9 கிலோ. வோல்ட் எந்த விகிதத்தில் குறைகிறதோ சுற்றும் அதே விகிதத்தில் குறையும், தள்ளுவிசை அதன் வர்க்கத்தில் குறையும், இழுக்கும் வாட் அதன் மூன்றாம் அடுக்கில் குறையும். பத்து சதவீதம்கூட இறங்காத வோல்ட், வாட்டில் கால்வாசியைப் பறித்துக்கொண்டது இப்படித்தான். பார்ப்பதற்கு ஆம்ப் குறைவாக இழுக்கிறதே, பேட்டரிக்கு நல்லதுதானே என்று இதை யாரும் தப்பாகப் படித்துவிடக் கூடாது.

மொத்த வோல்ட்டைவிட எனக்குக் கவலை தந்தது அந்த மூன்றாவது செல். மற்ற ஐந்தும் 3.6இல் நிற்கும்போது அது 3.2க்கு இறங்கிவிட்டது, அதுவும் பத்தாவது விநாடியிலேயே. மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும், மொத்த வோல்ட்டை மட்டும் பார்க்கும் ஈ.எஸ்.சி. இதைக் கவனிக்காது, அதற்கு எல்லாம் சராசரிதான். ஐந்து செல் ஆரோக்கியமாக இருக்கும்போதே ஒன்று செத்துக்கொண்டிருக்கும், ஒரு நாள் அது உப்பி நிற்கும்போதுதான் தெரியும்.

சூடும் அதே கதையைத்தான் சொன்னது. மதிய வெயிலில் 36 டிகிரியில் தொடங்கி, ஒரு நிமிஷ முடிவில் நல்ல பேக் 44, மற்றது 54. லிப்போவை 60ஐத் தாண்ட விடக்கூடாது, ஆகவே இரண்டாவதைப் பறக்கவிட்டால் முழு த்ராட்டிலில் இரண்டு நிமிஷம்கூடத் தாங்காது. இதில் நம்ம ஊர் வெயில் ஒரு சூழ்ச்சியும் செய்கிறது. செல் சூடாக இருந்தால் உள் மின்தடை குறைந்து காட்டும், மே மாதச் சென்னையில் சுமாரான பேக்கும் நல்ல எண் கொடுக்கும். காலை ஆறு மணிக்கு அளங்கள், அல்லது குறைந்தபட்சம் இரண்டு பேக்கையும் ஒரே வெப்பத்தில் அளங்கள். வெளிநாட்டுக்காரர்கள் குளிரில் எடுத்த எண்ணோடு நம் எண்ணை ஒப்பிட்டுச் சந்தோஷப்படுவதில் அர்த்தமில்லை.

ஃபேன் விற்பவர் தாளில் 2.5 கிலோ என்று போட்டிருந்தார். பொய் என்று சொல்ல மாட்டேன், 24 வோல்ட் இறங்காமல் கிடைத்தால் இந்த ஃபேன் அதைக் கொடுக்கும் என்று என் கணக்கிலும் வருகிறது. எந்தப் பேட்டரி அப்படிக் கொடுக்கும் என்பதுதான் தாளில் இல்லை. இன்னொரு விஷயம், சட்டத்தில் சோதிக்கும்போது முன்வாயில் வட்டமான வளையம் மாட்டியிருக்கிறோம், காற்று வழுக்கிக்கொண்டு உள்ளே போகிறது. விமானத்துக்குள்ளே போனதும் பக்கவாட்டு வாய், வளைந்த குழாய், நடுவில் போகும் ஒயர் என்று ஆயிரம் தடங்கல். அதே ஃபேனையும் நல்ல பேக்கையும் விமானத்தில் மாட்டி, பின்னால் கொக்கித் தராசைக் கட்டி இழுக்கவிட்டபோது 1.95 கிலோதான் காட்டியது. விமானம் பேட்டரியோடு இரண்டு கிலோ சொச்சம். ஓடுதளத்திலிருந்து ஏற இது போதும், புல்லிலிருந்து என்றால் திணறும்.

வேகத்துக்குத் தராசு எண் மட்டும் போதாது. 2.3 கிலோ தள்ளும் 70 மி.மீ. ஃபேனிலிருந்து காற்று விநாடிக்குச் சுமார் 80 மீட்டர், அதாவது மணிக்கு 285 கி.மீ. அளவில் வெளியே வருகிறது. விமானம் அதைத் தாண்டிப் போகவே முடியாது, காற்றின் எதிர்ப்பால் ரொம்பக் கீழேயே நின்றுவிடும். பின் குழாயின் வாயைக் கொஞ்சம் குறுக்கினால் காற்றின் வேகம் ஏறும், தராசில் கிராம் குறையும், கிராமை மட்டும் துரத்துகிறவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்வார்கள். (2017இல் ஜெர்மனியின் பாலன்ஸ்டெட்டில் ஒரு மாதிரி ஜெட் 749 கி.மீ. தொட்டதே என்று யாராவது கேட்பீர்கள். அது எரிபொருள் குடிக்கும் டர்பைன், நம் பேட்டரி ஃபேன் அந்தப் பந்தியில் உட்காரவே இல்லை.)

எவ்வளவு நேரம் பறக்கும்? 5000 எம்.ஏ.எச்.இல் 80 சதவீதம் எடுத்தால் 4000. எப்போதும் முழு த்ராட்டில் என்றால் மூன்று நிமிஷம், கையை அடக்கிப் பறந்தால் ஐந்து. டைமரை நாலு நிமிஷத்தில் வைத்தால் இறங்க ஒரு தடவை தவறினாலும் சுற்றிவர மின்சாரம் இருக்கும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது கடையில் அந்த பேக் எத்தனை நாள் தூங்கியது என்பதை. 2022 பிப்ரவரியில் முழு ட்ரோன் இறக்குமதிக்குத் தடை வந்தாலும் உதிரிப் பாகங்களைத் தடுக்கவில்லை, அதனால் மோட்டாருக்குப் பஞ்சமில்லை. லிப்போதான் சிக்கல், விமானச் சரக்கில் லித்தியத்துக்கு ஆயிரம் கெடுபிடி, வந்த சரக்கு விற்கும் வரை அலமாரியில் கிடக்கும். கைக்கு வந்ததும் செல் வோல்ட் பாருங்கள். 3.8 பக்கம் இருந்தால் ஒழுங்காக வைத்திருக்கிறார்கள். 4.2இல் இருந்தால் முழு சார்ஜிலேயே போட்டு வைத்திருக்கிறார்கள், 3.3க்குக் கீழே இருந்தால் அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நான் வாங்கிய கடையில் மூன்றாவது செல் எண்ணைக் காட்டி மாற்றித் தரச் சொன்னதற்கு, "சார், உப்பல சார், அப்ப நல்லாத்தான் இருக்கு" என்றார்கள். உப்புவதற்குள் வாரண்டி முடிந்துவிடும் என்பது அவர்களுக்கும் தெரியும்.

ஒயர் விஷயத்தில் ஒரு சின்னக் குறிப்பு. பேட்டரிக்கும் ஈ.எஸ்.சி.க்கும் நடுவில் ஒயரை நீட்டாதீர்கள், ஈ.எஸ்.சி.யின் கெப்பாசிட்டர்கள் அடிவாங்கும். இடம் பற்றாவிட்டால் மோட்டார் பக்கம் நீட்டுங்கள். இந்த ஃபேனுக்கு 100 ஆம்ப் ஈ.எஸ்.சி. சரியாக இருந்தது, அதையும் காற்று படும் இடத்தில் வைத்தால்.

ஃபேனுக்கு ஐந்தில் நாலு, ஒன்று குறைத்தது பெட்டியிலிருந்து வந்த கரகரப்புக்காக. 50சி பேக் அடுத்ததும் அதேதான் வாங்குவேன், பத்தாயிரத்தை நெருங்கும் விலை உறுத்தினாலும். 100சி பேக்கை 30 ஆம்ப் மட்டும் இழுக்கும் ஒரு பயிற்சி விமானத்துக்கு மாற்றிவிட்டேன், மூன்றாவது செல்லுக்கு அலாரம் வைத்து. அங்கே ஒழுங்காகத்தான் ஓடுகிறது.