வண்டியிலேயே மேப் இருந்தும் பின்வாசலில்தான் இறங்குகிறோம்

சென்னையிலிருக்கும் மைத்துனர் கேட்டது ஒரே வரி: "அத்தான், டாப் மாடலுக்குப் போகவா, அதுக்கு முந்தினதே போதுமா?" இரண்டுக்கும் விலை வித்தியாசம் ஒரு லட்சத்தை ஒட்டி வருகிறது. பெரிய திரை, வண்டிக்கே சொந்தமான நேவிகேஷன், கூடுதல் ஸ்பீக்கர் என்று அந்தப் பணத்தில் பெரும்பகுதி டாஷ்போர்டுக்குத்தான் போகிறது. என்னிடம் இருப்பது அதே வண்டியின் பழைய டாப் மாடல். ஐந்தாவது வருஷம் ஓடுகிறது. போன வாரம்தான் அந்தத் திரையை மாற்றிக்கொண்டு வந்தேன், அதனால் பதிலில் கொஞ்சம் சூடு இருக்கும். மைலேஜ், இன்ஜின், டிக்கி பற்றியெல்லாம் ஏற்கெனவே எல்லோரும் எழுதியாகிவிட்டது. நான் திரையைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

ஷோரூமில் போனைத் திரையில் காட்டுவது, வண்டியின் சொந்த நேவிகேஷன் இரண்டையும் ஒன்றாகக் குழப்பித்தான் விற்கிறார்கள். போனை வண்டித் திரையோடு இணைக்கும் ஆண்ட்ராய்டு ஆட்டோ, ஐபோனுக்கான கார்ப்ளே இரண்டிலும் வேலை செய்வது போன். வழி தேடுவது, பாட்டு எடுப்பது, கணக்குப் போடுவது எல்லாம் அதுதான். வண்டியின் திரை அதைக் காட்டும் டிவி மாதிரி, அவ்வளவுதான். கார்ப்ளே 2014இலும் ஆண்ட்ராய்டு ஆட்டோ 2015இலும் வந்தன. இன்று நடுத்தர வண்டிகளில்கூட இரண்டும் கிடைக்கின்றன. வண்டியின் சொந்த நேவிகேஷன் வேறு சங்கதி. வரைபடம் வண்டிக்குள்ளேயே இருக்கும், ஆன்டெனாவும் வண்டியுடையது. சக்கரம் எவ்வளவு சுற்றியது, வண்டி எந்தப் பக்கம் திரும்பியது என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளும். அதனால் சுரங்கப்பாதையில் சாட்டிலைட் கிடைக்காவிட்டாலும் அம்புக்குறி நகரும் என்று விற்பனைப் பையன் பெருமையாகச் சொன்னான். காரைக்குடியில் சுரங்கப்பாதைக்கு நான் எங்கே போவது?

எங்கள் பக்கத்துச் சிக்கல் சுரங்கத்தில் இல்லை, வீட்டில் இருக்கிறது. செட்டிநாட்டு வீடுகளைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். முகப்பு ஒரு தெருவில் இருந்தால் பின்கட்டு வாசல் அடுத்த தெருவில் இருக்கும். முகப்பு, வளவு என்கிற நடு முற்றம், இரண்டாம் கட்டு, அடுப்படி என்று நீண்டுகொண்டே போய் மறு தெருவைத் தொட்டுத்தான் வீடு நிற்கும். மேப்பில் அந்த வீட்டுக்கு வைக்கும் குறி பெரும்பாலும் கூரையின் நடுவில் விழுகிறது. குறிக்கு எந்தச் சாலை கிட்டமோ அங்கே கொண்டுபோய் நிறுத்துவதோடு மேப்பின் வேலை முடிந்தது. குறி நாலு அடி பின்னால் தள்ளி விழுந்தால் பின்தெருதான் கிட்டம். தெருக்களும் கோடு போட்டதுபோல் நேர்நேராக, ஒன்றுபோலவே இருக்கும். கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ முதல்முறை வருகிறவருக்கு எது முன்தெரு, எது பின்தெரு என்று பிடிபடாது.

எங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்த மதுரைக்காரர்கள் அப்படித்தான் வந்து சேர்ந்தார்கள். "நீங்கள் சேருமிடத்தை அடைந்துவிட்டீர்கள்" என்று மேப் சொன்னதும், பட்டுப்புடவையும் பழத்தட்டுமாகப் பெண்கள் இறங்கிவிட்டார்கள். எதிரே நீளமான வெறும் சுவர், அதில் ஒரு சின்னக் கதவு. கதவுக்கு வெளியே சமையல்காரர்கள் அண்டா கழுவிக்கொண்டிருந்தார்கள். உள்ளே வழி கேட்டு, அடுப்படி, இரண்டாம் கட்டு, வளவு என்று வீடு முழுக்க நடந்து முகப்புக்கு வந்தார்கள். அங்கே பன்னீர்ச் செம்போடு நின்றவர்களுக்கு முதுகுப் பக்கமிருந்து விருந்தாளி வந்தால் எப்படி இருக்கும்? ஆத்தா இன்னும் அதைச் சொல்லிச் சிரிப்பார்.

கதவு எண்ணை வைத்துத் தேடலாமே என்றால், இங்கே வீட்டை எண் சொல்லிக் கேட்பவர் குறைவு. குடும்பத்தின் விலாசம் என்று இனிஷியல் மாதிரி மூன்று நாலு எழுத்து இருக்கும். அதைச் சொன்னால் டீக்கடையில் கை காட்டிவிடுவார்கள். போனிடம் அந்த எழுத்துகளைச் சொல்லிப் பாருங்கள், சென்னையில் ஏதாவது ஒரு கம்பெனிக்கு வழி காட்டும்.

இதற்கு மருந்தாக நான் கண்டுபிடித்தது வண்டியின் சொந்த மேப்பைத்தான். அதில் ஒரு வசதி உண்டு. நிற்கிற இடத்திலேயே ஒரு பொத்தானை அழுத்திப் பெயர் வைத்துச் சேமிக்கலாம். ஒவ்வொரு வீட்டுக்கும் போகும்போது முகப்புத் திண்ணைக்கு நேரே நிறுத்திச் சேமித்துக்கொண்டேன். பெரியாத்தா வீடு, சம்பந்தி வீடு, தேவகோட்டைப் பங்காளி வீடுகள், ஆத்தங்குடியில் டைல்ஸ் போடும் பட்டறையின் லாரி வாசல், நேமத்தில் கோயிலுக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தும் மரத்தடி. வருஷக்கணக்கில் சேர்ந்த பட்டியல் அது. தேர்ந்தெடுத்தால் நேரே முகப்பில் கொண்டுபோய் விடும். இன்டர்நெட் வேண்டாம், போன் வேண்டாம். வீட்டில் யார் வண்டியை எடுத்துப் போனாலும் பட்டியல் திரையிலேயே இருக்கும்.

போனிலும் இப்படிச் சேமிக்கலாம்தான். வாட்ஸ்அப்பில் லொகேஷன் அனுப்பினால் தொட்டதும் வழி திறக்கும். வண்டியின் மேப்புக்கு அந்த வித்தை தெரியாது. புது இடம் என்றால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டி, ஆங்கிலத்தில் அவர்கள் எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று ஊகித்துத் தேட வேண்டும். சாலை மாறினால் அதற்குத் தெரியவும் தெரியாது. மேலூர் சாலையை நான்கு வழியாக்கிய பிறகு, நான் புதுத் தாரில் போய்க்கொண்டிருக்க, திரையில் என் அம்புக்குறி வயலுக்குள் போய்க்கொண்டிருந்தது. "முடிந்தால் யூ-டர்ன் எடுங்கள்" என்று கெஞ்சிக்கொண்டே வந்தது. மேப்பைப் புதுப்பிக்க முதல் சில வருஷம் இலவசம், அப்புறம் காசு. போனில் அது தானாக நடக்கிறது, தமிழிலும் வழி சொல்கிறது. ஆக, தெரியாத ஊருக்குப் போக போன்தான். இதில் தகராறே இல்லை.

ஆனால் போனை நம்பி சித்திரை வெயிலில் கிளம்பிப் பாருங்கள்.

என் வண்டியில் வயர்லெஸ் இணைப்பு. கியருக்கு முன்னால் ஒரு சார்ஜிங் தட்டு, அதில் போனை வைத்தால் தானாக ஏறும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. போனோ ஒரே நேரத்தில் மேப்பை ஓட்டுகிறது, வைஃபையில் படத்தை அனுப்பிக்கொண்டே இருக்கிறது, கீழிருந்து தட்டு வேறு அதைச் சுட வைக்கிறது. ஐபோனைப் பயன்படுத்த ஏற்ற வெப்பநிலை 35 டிகிரி வரை என்று ஆப்பிளே சொல்கிறது. எங்கள் ஊரில் அது மாசி மாதத்துக் கணக்கு. மத்தியானம் பிள்ளையார்பட்டியில் சாமி கும்பிட்டு வந்து வண்டியைத் திறந்தால் ஸ்டீயரிங்கைத் தொட முடியாது. ஏசி உள்ளே குளிரும் முன்பே போன் கொதித்து, சார்ஜ் ஏறுவது நிற்கும், மேப் தடுமாறும், பிறகு இணைப்பே அறுந்துவிடும். சரியாகக் குன்றக்குடி திருப்பத்தில் திரை கறுத்துப் போகும். போனை எடுத்து ஏசி துவாரத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு உட்காருவதுதான் பக்கத்து சீட்டுக்காரரின் வேலை. எங்கள் வீட்டில் அது மனைவியின் வேலையாகிவிட்டது, அதைப் பற்றி அவருடைய அபிப்பிராயத்தை இங்கே எழுத முடியாது. கம்பியில் இணைத்தால் இவ்வளவு சூடு இல்லை. என் வண்டியில் கம்பிக்கான துளையை ஆர்ம்ரெஸ்ட்டுக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறார்கள்.

அந்த வெயிலில் வண்டியின் சொந்த மேப் ஒரு நாளும் படுத்ததில்லை. வேகம் கிடையாது, அழகு கிடையாது, ஆனால் சாவியைப் போட்டால் வேலை செய்யும். வண்டிக்கென்று செய்த எலக்ட்ரானிக்ஸ், வெயிலைத் தாங்கத்தான் செய்திருக்கிறார்கள். முதல் நாலு வருஷம் அதைக் குறை சொன்னவர்களிடம் நான் சண்டைக்கே போயிருக்கிறேன்.

அப்புறம் ரேடியோ. அப்பச்சி முன் சீட்டில் உட்கார்ந்தால் கேட்பது கொடைக்கானல் பண்பலை ஒன்றைத்தான், 100.5. மலை உச்சியிலிருந்து வருவதால் அலை வெகுதூரம் எட்டுகிறது. வீட்டு டிரான்சிஸ்டரில் இரைச்சலோடு வருவது, வண்டி ஆன்டெனாவில் தெளிவாக வரும். மேலூர்ப் பக்கம் போகப் போக இன்னும் சுத்தம். திருகைத் திருப்பினால் பாட்டு கூடும், குறையும், அவருக்கு வேறெதுவும் தேவையில்லை. எனக்கும்தான். பிரசார் பாரதியின் ஆப் வழியாகப் போனிலும் கேட்கலாம், ஆனால் சிக்னல் போகிற இடத்தில் பாட்டும் போய்விடும்.

ஐந்து வருஷமாக என்னைப் படுத்துகிற சங்கதி ஒன்று இங்கேதான் இருக்கிறது. வண்டியை எடுத்ததும் ரேடியோ பாடத் தொடங்கும். அப்பச்சி தலையை ஆட்ட ஆரம்பிப்பார். பல்லவி முடியும் நேரத்துக்குப் போன் இணைந்துகொள்ளும். உடனே ரேடியோவை வெட்டிவிட்டு, நேற்று ராத்திரி மகள் பாதியில் நிறுத்திய ஏதோ ஒரு பாட்டு, நிறுத்திய இடத்திலிருந்தே அலறத் தொடங்கும். போனில் "தானாகப் பாட்டைத் தொடங்கு" என்ற அமைப்பை அணைத்துவிட்டேன். பாட்டு நின்றது, ஆனால் ரேடியோவும் நிற்கிறது. போன் வந்து உட்கார்ந்ததும் வண்டி தன் ரேடியோவை விட்டுக்கொடுத்துவிட்டு மௌனமாக நிற்கும். திரும்ப ரேடியோவுக்குப் போக மூன்று இடத்தில் தொட வேண்டும், அதுவும் ஓட்டிக்கொண்டே. "யாருப்பா அணைச்சது?" என்று அப்பச்சி ஒவ்வொரு முறையும் என்னைத்தான் பார்ப்பார்.

பாட்டுத் தரத்தில் போனைக் குறை சொல்ல முடியாது. ஆண்ட்ராய்டு ஆட்டோவில் பாட்டு யூஎஸ்பியிலோ வைஃபையிலோ போகிறது, புளூடூத்தில் இல்லை. வெறும் புளூடூத்தில் கேட்டுவிட்டு இதில் கேட்டால் நாதஸ்வரத்தில் வித்தியாசம் காது கொடுத்தாலே தெரியும். ஸ்பீக்கர்கள் நல்லவை. அதற்குக் கொடுத்த காசு மட்டும் எனக்கு வலிக்கவில்லை.

இப்போது ரிப்பேர். போன கோடையிலிருந்தே திரை தன்னைத் தானே தொட்டுக்கொள்ள ஆரம்பித்தது. வெயிலைத் தாங்குகிறது என்று மேலே பாராட்டியது உள்ளே இருக்கிற மேப்பை, மேலே இருக்கிற கண்ணாடியை அல்ல. சூடு ஏறினால் திரையின் ஓரத்தில் யாரோ விரல் வைத்ததுபோல் மெனு தாவும். ஒரு மத்தியானம் திருமயம் கோட்டையைத் தாண்டும்போது அதுவாகவே சம்பந்தி வீட்டுக்குப் போன் போட்டது. நான் போடவே இல்லை என்று சொல்லி அவர்களை நம்பவைக்க வேண்டியதாயிற்று. அப்புறம் ஏசியைத் தானே கூட்டும், ரிவர்ஸ் எடுக்கும்போது கேமரா வராது. சர்வீஸ் சென்டரில் கண்ணாடியை மட்டும் மாற்ற முடியாது, மொத்த யூனிட்டும்தான் என்றார்கள். வாரண்டி முடிந்துவிட்டது. ஏசி அமைப்பு, கேமரா, கடிகாரம் எல்லாம் அந்த ஒன்றுக்குள் இருப்பதால், வேண்டாம் என்று விட்டுவிடவும் முடியாது. விலையைக் கேட்டபோது அதே காசில் இரண்டு நல்ல போன் வாங்கலாம் என்று தோன்றியது.

காசுகூடப் பரவாயில்லை. புது யூனிட்டைப் போட்டுக் கொடுத்தார்கள், திறந்து பார்த்தேன், சேமித்த இடங்கள் என்ற பக்கம் காலி. பழையதிலிருந்து எடுத்துப் போடலாமே என்றேன். "புது யூனிட் சார், எல்லாம் ஃபிரெஷ்ஷா இருக்கும்" என்று அந்தத் தம்பி எனக்கு நல்ல செய்தி சொல்வதுபோலச் சொன்னான். பழைய யூனிட்டைக் கேட்டால் அது கம்பெனிக்குத் திரும்பப் போய்விட்டதாம். பெரியாத்தா வீட்டு முகப்பு, பங்காளி வீடுகள், நேமத்து மரத்தடி எல்லாம் அதோடு போயிற்று. போன் உடைந்தால் புதுப் போனில் அக்கவுண்டைப் போட்டதும் எல்லாம் திரும்பி வந்துவிடும். வண்டிக்குள் வைத்தது வண்டியோடு போகிறது.

அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் 2023இல், இனிப் புதிதாக வரும் தன் மின்சாரக் கார்களில் கார்ப்ளேயும் ஆண்ட்ராய்டு ஆட்டோவும் இருக்காது, எல்லாம் வண்டியின் சொந்த அமைப்பிலேயே என்று அறிவித்தது. படித்தபோது நல்ல யோசனை என்று நினைத்தேன். போன வாரத்துக்குப் பிறகு அப்படி நினைக்க முடியவில்லை.

எண்ணிப் பார்த்தால் இதுவரை வண்டியின் சொந்தச் சாதனத்தைத்தான் அதிகம் புகழ்ந்திருக்கிறேன். இருக்கட்டும். டாப் மாடல் வேண்டாம் என்றுதான் மைத்துனருக்குச் சொன்னேன். அதற்கு முந்தின மாடலில் சின்னத் திரை, கம்பியில் இணைக்கும் ஆண்ட்ராய்டு ஆட்டோ, கம்பித் துளை கண் முன்னாலேயே இருக்கிறது. மிச்சமாகும் பணத்தில் பாதியைப் போட்டால் வெளியே இதைவிட நல்ல ஸ்பீக்கர் மாட்டித் தருவார்கள்.

டெஸ்ட் டிரைவுக்குக் காலையில் போக வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறேன். பன்னிரண்டு மணிக்குப் போய், வெயிலில் நிற்கிற வண்டியையே கேட்டு வாங்கி, மேப்பையும் பாட்டையும் போட்டு அரை மணி நேரம் ஓட்டட்டும். ரேடியோ பாடிக்கொண்டிருக்கும்போது போனை இணைத்து, ரேடியோ தொடர்கிறதா, வாயை மூடிக்கொள்கிறதா என்று பார்க்கட்டும். பாட்டைக் கூட்டிக் குறைக்கத் திருகு இல்லாமல் திரையில் தடவச் சொல்கிற வண்டியாக இருந்தால், எந்த மாடலாக இருந்தாலும் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிடட்டும்.