அல்ஜீரியாவுக்கு இரண்டு வாசல்கள்: தூதரக விசாவா, பாலைவன விசாவா?

அல்ஜீரியாவுக்குப் போகப் போவதாகச் சொல்லிப் பாருங்கள். பாதிப் பேர் "நைஜீரியாவா?" என்பார்கள். மீதிப் பேர் "அங்கே இன்னும் சண்டை நடக்கிறதா?" என்பார்கள். முதல் கேள்விக்குப் பெயரின் ஓசை காரணம். இரண்டாவது கேள்விக்கு 1990கள் காரணம். 1992 ஜனவரியில் தேர்தலை ராணுவம் ரத்து செய்ததைத் தொடர்ந்து பத்தாண்டுகள் உள்நாட்டுப் போர் நடந்தது. அந்தக் காலத்தைக் 'கறுப்புப் பத்தாண்டு' என்று அங்குள்ளவர்களே சொல்கிறார்கள். போர் ஓய்ந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. கெட்ட பெயர் மட்டும் ஓயவில்லை.

அந்தப் பெயரைத் துடைத்துக்கொள்ள நாடும் பெரிதாக முயன்றதில்லை. எண்ணெயும் எரிவாயுவும் விற்று வாழும் அரசுக்குச் சுற்றுலாப் பயணியின் பணம் அவசியமில்லை. பக்கத்து வீடான மொராக்கோ 2024இல் மட்டும் 1.74 கோடிப் பயணிகளை வரவேற்றது. ஆப்பிரிக்காவின் மிகப் பெரிய நாடான அல்ஜீரியாவோ, இந்தியாவில் முக்கால் பங்குக்குச் சற்றே குறைந்த பரப்பை வைத்துக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டு உள்ளே உட்கார்ந்திருக்கிறது.

சாத்திய கதவுக்கு இப்போது இரண்டு வாசல்கள். ஒன்று, தூதரகத்தில் விண்ணப்பித்து வாங்கும் பழைய விசா. மற்றொன்று, 2023 முதல் நடைமுறையில் உள்ள, தெற்குப் பாலைவனத்துக்குச் செல்லும் குழுப் பயணிகளுக்கு விமான நிலையத்திலேயே தரும் விசா. இரண்டும் ஒரே நாட்டுக்குத்தான் என்றாலும், எந்த வாசலில் நுழைகிறீர்களோ அதற்கேற்ற நாடுதான் கண்ணில் படும். அதனால் விசாவை வெறும் காகித வேலை என்று ஒதுக்கிவிட்டு ஊர்களை மட்டும் ஒப்பிடுவதில் பயனில்லை.

முதலில் தூதரக வாசல். நீங்கள் வசிக்கும் நாட்டிலுள்ள தூதரகத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும். இந்தியாவில் இருப்பவர்களுக்குப் புதுடெல்லி. விண்ணப்பப் படிவம், புகைப்படங்கள், வேலைக்கான சான்று, வருமானச் சான்று, பயணக் காப்பீடு, போக வர டிக்கெட் முன்பதிவு, தங்குமிடத்துக்கான ஆதாரம் என்று கட்டு பெரிதாகும். இதில் தங்குமிட ஆதாரம்தான் இடறும் கல். ஓட்டல் முன்பதிவு போதும் என்று ஒரு தூதரகம் சொல்லும். உள்ளூர்ப் பயண நிறுவனத்தின் அழைப்புக் கடிதம் வேண்டும் என்று இன்னொன்று கேட்கும். நண்பர் வீட்டில் தங்குவதாக இருந்தால், அவர் தன் ஊர் நகராட்சி அலுவலகத்துக்குப் போய், இன்னாரை என் வீட்டில் தங்க வைக்கிறேன் என்று எழுதி முத்திரை வாங்கி அனுப்ப வேண்டும். எல்லாம் கொடுத்த பிறகு காத்திருப்பு. சிலருக்கு இரண்டு வாரத்தில் வரும், சிலருக்கு மாதக்கணக்கில் வராது. மறுத்தால் காரணம் சொல்லும் வழக்கமும் கிடையாது. டிக்கெட்டுக்குப் பணம் கட்டிவிட்டு விசாவுக்குக் காத்திருப்பவர்களின் வயிற்றெரிச்சலைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

பாலைவன வாசலில் இந்த அலைச்சலை உங்களுக்காக வேறொருவர் அலைகிறார். அல்ஜீரிய அரசின் அங்கீகாரம் பெற்ற பயண நிறுவனம் ஒன்றைத் தேர்ந்து, தெற்குச் சஹாராவிலுள்ள தாசிலி அல்லது ஹொகார் பகுதிக்கான பயணத் திட்டத்தை முடிவு செய்கிறீர்கள். உங்கள் கடவுச்சீட்டு விவரங்களை அந்த நிறுவனம் அதிகாரிகளிடம் கொடுத்து, விமானத்தில் ஏற அனுமதிக்கும் கடிதம் ஒன்றை வாங்கி அனுப்பும். இறங்கிய இடத்தில் அந்த நிறுவனத்தின் ஆள் காத்திருப்பார். கட்டணத்தை யூரோவில் கட்டினால் விசா ஒட்டித் தருவார்கள். கேட்க இனிமையாக இருக்கிறது, நடப்பதும் பெரும்பாலும் இப்படித்தான். சிக்கல் வருவதென்றால் புறப்படும் விமான நிலையத்தில் வரும். "விசா எங்கே?" என்று கேட்கும் கவுன்ட்டர் ஊழியருக்கு இந்த ஏற்பாடு தெரிந்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. கடிதத்தைக் கைப்பேசியில் மட்டும் வைத்திருக்காமல் இரண்டு பிரதி அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தோஹா, துபாய், இஸ்தான்புல் ஆகிய ஊர்களிலிருந்து தலைநகர் அல்ஜியர்ஸுக்கு விமானங்கள் உண்டு. பாரிஸ் வழியாகப் போகிறவர் ஐரோப்பிய விதிகளையும் பார்த்துக்கொள்ள வேண்டும். இருக்கும் விசாத் தலைவலி போதாதா?

காகிதத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் தெற்கு வாசலுக்கே வெற்றி. ஆனால் அதற்கு ஒரு விலை இருக்கிறது, அது சுதந்திரம். அந்த விசா உங்களை நிறுவனத்தின் பயணத் திட்டத்தோடு முடிச்சுப் போட்டுவிடுகிறது. நினைத்த இடத்தில் இறங்கி, நினைத்த பஸ்ஸில் ஏறும் பயணம் அதில் கிடையாது. பாலைவனத்தில் அது பெரிய குறையில்லை, ஏனென்றால் எந்த விசாவில் வந்தாலும் அங்கே வழிகாட்டி இல்லாமல் நகர முடியாது.

சரி, உள்ளே என்ன இருக்கிறது?

தெற்கு என்றால் முதலில் ஜானெத். அல்ஜியர்ஸிலிருந்து விமானத்தில் இரண்டரை மணி நேரத் தொலைவில் உள்ள பேரீச்சந்தோப்பு ஊர். அதைச் சுற்றி 72,000 சதுர கிலோமீட்டரில் விரிகிறது தாசிலி நஜ்ஜர் மேட்டுநிலம். 15,000க்கும் அதிகமான பாறை ஓவியங்களும் செதுக்கல்களும் அங்கே இருக்கின்றன. மாட்டு மந்தைகள், ஒட்டகச்சிவிங்கிகள், வில்லேந்தி ஓடும் மனிதர்கள், பிறகு குதிரைகள், கடைசியில் ஒட்டகங்கள் என்று, சஹாரா பச்சையாக இருந்த காலம் முதல் காய்ந்து போன காலம் வரையான வரலாறு கல்லில் நிற்கிறது. ஜானெத்துக்கு அருகே ஒரு பாறையில் மாடுகள் கண்ணீர் விடுவதுபோல் செதுக்கியிருக்கிறார்கள். தண்ணீர் வற்றியதற்காக அழுகின்றன என்பது உள்ளூர்க் கதை. செதுக்கியவர் என்ன நினைத்தாரோ, இன்று அங்கே நிற்பவருக்கு அந்தக் கதையே போதும்.

ஆனால் இங்கேயும் இரண்டு வழிகள். தாத்ரார்த் என்னும் சிவந்த மணல் பகுதிக்கு ஜீப்பில் போகலாம். ஓவியங்கள் செறிந்த செஃபார் மேட்டுநிலத்துக்கு ஏறிப் போக வேண்டும். சுமையைக் கழுதைகள் சுமக்கும், உங்களை உங்கள் கால்கள் சுமக்க வேண்டும். முழங்கால் ஒத்துழைக்குமானால் செஃபாரை விடாதீர்கள். படங்களில் எல்லாரும் பார்த்துவிட்ட மணல்மேடுகளைவிட, கல்தூண்களுக்கு நடுவே ஆள் உயரத்துக்கும் மேல் நிற்கும் அந்த ஓவியங்கள்தான் இவ்வளவு தூரம் வந்ததற்குக் கணக்கு சொல்லும்.

தெற்கின் மற்றொரு தளம் தமன்ராசெத். அங்கிருந்து ஹொகார் மலைகளுக்குள் ஏறினால், ஏறக்குறைய 2,700 மீட்டர் உயரத்தில் அசெக்ரெம். சார்ல் த ஃபூக்கோ என்னும் பிரெஞ்சுத் துறவி அங்கே கட்டிய கல் குடில் இன்னும் இருக்கிறது. 1916இல் கொல்லப்பட்ட அவரை 2022இல் கத்தோலிக்கத் திருச்சபை புனிதராக அறிவித்தது. குளிர்காலத்தில் அங்கே இரவு எலும்பைத் தொடும். பாலைவனம்தானே என்று பருத்திச் சட்டையோடு போகிறவர் படுவார். பயணத்துக்கு அக்டோபர் முதல் மார்ச் வரை சரியான பருவம்.

சாப்பாட்டுக்குக் குழுவோடு சமையல்காரர் வருவார். சஹாராவின் பழங்குடியான துவாரெக் மக்களின் தகெல்லா ரொட்டியைத் தணலுக்கும் மணலுக்கும் அடியில் புதைத்துச் சுட்டு, தட்டித் துடைத்து, பிட்டுப் போட்டுக் காய்கறிக் குழம்பில் ஊறவைத்துத் தருவார்கள். மணல் ஒட்டாமல் எப்படி வருகிறது என்று கேட்டால் சிரிப்பார்கள். சைவம் சாப்பிடுகிறவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட்டால் பிரச்சினை இருக்காது.

தூதரக வாசலில் நுழைந்து பார்க்கும் வடக்கு முற்றிலும் வேறு நாடு. அல்ஜியர்ஸில் கடலைப் பார்த்தபடி அடுக்கடுக்காக ஏறும் வெள்ளைக் கட்டடங்கள், அவற்றுக்கு மேலே 1992இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த கஸ்பா என்னும் பழைய நகரம். அதன் சந்துகளில்தான் 1954 முதல் 1962 வரையான விடுதலைப் போரின் நகர்ப்புறச் சண்டை நடந்தது. 132 ஆண்டு பிரெஞ்சு ஆட்சியை முறித்த அந்தப் போரைப் பற்றித் தெரியாமல் அல்ஜீரியர் ஒருவரின் பேச்சிலிருக்கும் முறுக்கைப் புரிந்துகொள்ள முடியாது. மறுபுறம், 265 மீட்டர் உயர மினாரோடு புதிய பெரிய பள்ளிவாசல். பழையதும் புதியதும் ஒரே நாள் நடையிலும் மெட்ரோவிலும் முடிந்துவிடும்.

கிழக்கே கான்ஸ்டன்டைன், ரூமெல் ஆற்றின் பள்ளத்தாக்கு குடைந்தெடுத்த பாறைமேல் நிற்கும் நகரம். 1912இல் திறந்த சீதி மசீத் தொங்குபாலம் ஆற்றுக்கு 175 மீட்டர் மேலே ஆடுகிறது. அங்கிருந்து தெற்கே போனால் திம்காத். டிராஜன் என்னும் ரோமப் பேரரசர் கி.பி. 100 வாக்கில், ஓய்வு பெற்ற போர்வீரர்களுக்காகச் சதுரங்கப் பலகைபோல் கோடு போட்டுக் கட்டிய ஊர். அதன் மன்றத்தில் ஒரு கல்லில் இப்படிக் கீறியிருக்கிறார்கள்: "வேட்டையாடுவது, குளிப்பது, விளையாடுவது, சிரிப்பது, இதுதான் வாழ்வது." பென்ஷன் வாங்குகிறவர்களின் ஊர் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். மலைகளுக்கு நடுவே ஜெமிலா, கடற்கரையில் திபாஸா என்று ரோம மிச்சங்களே ஒரு வாரத்துக்குப் போதும். துனிசியாவின் எல் ஜெம் அரங்கு இவற்றைவிடப் பிரம்மாண்டமானது, மறுக்கவில்லை. ஆனால் அங்கே நீங்கள் பஸ் கூட்டத்தோடு நிற்பீர்கள். திம்காத்தில் ஆட்டு மந்தையின் மணி கேட்கும்.

வடக்கின் உண்மையான சரக்கு இடிபாடுகள் அல்ல, மனிதர்கள். வெளிநாட்டவரைக் கண்டு சலித்துப் போகாத நாடு என்பதால், வழி கேட்டால் கூடவே நடந்து வந்து காட்டுகிறவர்கள் அதிகம். மொராக்கோச் சந்தைகளில் பின்தொடர்ந்து வரும் வியாபாரத் தொல்லை இங்கே அரிது, விற்பதற்கு ஆள் தேடும் பழக்கமே இன்னும் வரவில்லை. இந்தியர் என்று தெரிந்துவிட்டால் ஐம்பது வயது தாண்டியவர் ஒருவர் 1973இல் வந்த ஒரு பழைய இந்திப் படப் பாட்டை முணுமுணுக்கக்கூடும். அந்தப் பாட்டு அங்கே தலைமுறை கடந்த மோகம். தெருவில் காரந்திகா என்று கடலைமாவைப் பதமாகச் சுட்டு, சீரகம் தூவி, ரொட்டிக்குள் வைத்துத் தருவார்கள். நம் நாக்குக்கு அது அந்நியமாகத் தோன்றாது.

பணத்தில் இரண்டு வாசல்களும் எதிரெதிர். தெற்கில் செலவு பெரிது, ஆனால் ஒரே தடவையில் முடிந்துவிடும். ஜீப், ஓட்டுநர், வழிகாட்டி, சமையல்காரர் எல்லாம் சேர்ந்த தொகையை எத்தனை பேர் பங்கிடுகிறீர்கள் என்பதே கணக்கு. நான்கு பேர் சேர்ந்தால் தாங்கும், தனியாள் என்றால் பையில் ஓட்டை. வடக்கில் அன்றாடச் செலவு குறைவு. வெளிநாட்டு அட்டைகளை நம்ப முடியாது என்பதால் யூரோ நோட்டு கொண்டுபோக வேண்டும். வங்கி ஒரு யூரோவுக்குத் தருவதைவிட, அல்ஜியர்ஸின் போர்ட் சயீத் சதுக்கத்தில் தெருவோரம் மாற்றித் தருவது ஒன்றரை மடங்குக்கும் மேலாக இருந்துவருகிறது. சட்டப்படி அது தவறு, ஆனால் பட்டப்பகலில் நடக்கிறது. எதைச் செய்வது என்பதை உங்கள் மனச்சாட்சிக்கும் துணிச்சலுக்கும் விட்டுவிடுகிறேன்.

பாதுகாப்பு விஷயத்தில் பயத்தையும் அலட்சியத்தையும் ஒரே அளவில் தள்ளிவைப்பது நல்லது. 2024 அக்டோபரில் ஜானெத்தில் சுவிட்சர்லாந்துப் பெண் பயணி ஒருவர் கத்தியால் தாக்கிக் கொல்லப்பட்டார். 2025 ஜனவரியில் தெற்கே ஸ்பானியர் ஒருவர் கடத்தப்பட்டு, ஒரு வாரத்தில் மீட்கப்பட்டார். லிபியா, நைஜர், மாலி எல்லைகளை ஒட்டிய பகுதிகளைத் தவிர்க்கும்படி மேற்கு நாடுகள் தம் குடிமக்களை எச்சரிக்கின்றன. எச்சரிக்கைப் பகுதிக்குள் போனால் பல காப்பீடுகள் செல்லாது. ஒப்பந்தத்தின் பொடி எழுத்தைப் படியுங்கள். வடக்கின் நகரங்களில் நிலைமை அமைதி. ஆனால் அங்கே வேறு வகைத் தொல்லை: சில பகுதிகளில் வெளிநாட்டவர் காருக்கு முன்னால் காவல்துறை வண்டி துணைக்கு வரும், அடுத்த மாவட்ட எல்லையில் வேறு வண்டி மாறும்வரை நிறுத்தி வைப்பார்கள். உங்கள் நல்லதுக்குத்தான் செய்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு புத்தகம் படிக்க வேண்டியதுதான். ட்ரோன் கொண்டுபோகவே கூடாது. தொலைநோக்கியைக்கூட சுங்கத்தில் பிடுங்கி வைத்துக்கொள்வார்கள்.

ஏன் இவ்வளவு பாடு, மொராக்கோவுக்கோ துனிசியாவுக்கோ போய்விட்டு வரலாமே என்றால், முதல் முறையாக வட ஆப்பிரிக்கா போகிறவருக்கு அதுவே என் பதிலும். சிறு குழந்தைகளோடு போகிறவருக்கும், ஒரு வாரத்துக்கு மேல் விடுப்பு கிடைக்காதவருக்கும் அதே பதில். மொராக்கோவையும் அல்ஜீரியாவையும் இணைத்து ஒரே சுற்றில் போக நினைத்தால் மட்டும் கவனம்: மொராக்கோ–அல்ஜீரியா தரை எல்லை 1994 முதல் மூடியே கிடக்கிறது, 2021இல் அல்ஜீரியா உறவையே முறித்துக்கொண்டு தன் வான்வெளியையும் மொராக்கோ விமானங்களுக்கு மூடிவிட்டது. எதிர்வீட்டுக்குப் போக ஊரைச் சுற்ற வேண்டும்.

இரண்டு வாசல்களில் எனக்குப் பிடித்தது வடக்கு. ஆனால் பத்து நாள் விடுப்போடு, ஒரே ஒருமுறை போகக்கூடிய ஒருவருக்குத் தூதரக வரிசையை நான் பரிந்துரைக்க மாட்டேன். தெற்கு வாசலில் நுழைந்து, ஜானெத்திலிருந்து திரும்பும் வழியில் அல்ஜியர்ஸில் மூன்று நாள் சேர்த்துக்கொள்வதே அவருக்கு ஏற்ற ஒட்டுவேலை. நிறுவனத்திடம் முதல் மின்னஞ்சலிலேயே அதைக் கேளுங்கள். "பார்த்துக்கொள்ளலாம்" என்று வாய்வழியாகச் சொன்னால் போதாது. அந்த மூன்று நாளும், ஒரு நாள் திபாஸா போவதும், அதிகாரிகளிடம் அவர்கள் கொடுக்கும் பயணத் திட்டத்தில் தேதியோடு எழுதியிருக்க வேண்டும். வழிச் சோதனையில் காவலர் வாசிப்பது அந்தத் தாளைத்தான்.