செட்டிநாட்டுப் புழுதிக்கு எந்த மவுண்டன் பைக்: கார்பனா, அலுமினியமா?

காரைக்குடிப் பக்கம் மவுண்டன் பைக் வாங்கினால் "மலை எங்கப்பா இருக்கு?" என்று கேட்காதவர் இல்லை. நியாயமான கேள்விதான். குன்றக்குடி மலையில் படியேறித்தான் போக வேண்டும், பிரான்மலை தள்ளி இருக்கிறது. நாம் ஓட்டுவதற்கு இங்கே இருப்பவை கண்மாய்க் கரை, செம்மண் வண்டித்தடம், சரளை, கோடையில் வற்றிய கண்மாயின் உள்வாய். மேடுபள்ளம் நிறைய உண்டு, நீண்ட ஏற்றமோ இறக்கமோ கிடையாது. இந்த நிலத்தை வைத்துத்தான் இரண்டு வண்டிகளை எடைபோட்டேன். ஒன்று 120 மி.மீ. அமுங்கும் சஸ்பென்ஷன் உள்ள கார்பன் கிராஸ் கன்ட்ரி (வேகமாக மிதித்துப் போவதற்கான) வண்டி, இன்னொன்று 140 மி.மீ. அமுங்கும் அலுமினிய டிரெயில் (கரடுமுரடான இறக்கத்துக்கும் ஏற்ற) வண்டி. இரண்டுக்கும் முன்னும் பின்னும் சஸ்பென்ஷன், அதாவது ஃபுல் சஸ்பென்ஷன்; இரண்டும் 29 அங்குலச் சக்கரம். நான் கார்பனை வாங்கினேன். ஆகவே இதை நடுநிலையான தீர்ப்பு என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பின் சஸ்பென்ஷனே தேவையா, முன்னால் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள ஹார்ட்டெயில் போதாதா என்றால், கரையில் மட்டும் ஓட்டுபவருக்குப் போதும். ஆனால் பங்குனி, சித்திரையில் கண்மாய்க்குள் இறங்கிப் பாருங்கள். ஈரத்தில் மாடுகள் மிதித்த குளம்படிகள் அப்படியே காய்ந்து கல்லாகிக் கிடக்கும். அதில் உட்கார்ந்தபடி மிதிக்க ஹார்ட்டெயில் விடாது. எழுந்து நின்றால் பின்சக்கரம் பிடிப்பை இழக்கும். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் ஃபுல் சஸ்பென்ஷன் வண்டியில் வந்த யாரோஸ்லாவ் குல்ஹாவி, ஹார்ட்டெயிலில் வந்த நினோ ஷூர்ட்டரைக் கடைசித் திருப்பத்தில் முந்தித் தங்கம் வென்றார். அதை வைத்து அன்று பெரிய வாதமே நடந்தது. இன்று உலகக் கோப்பையில் பெரும்பாலோர் ஃபுல் சஸ்பென்ஷன்தான்.

எடையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கார்பன் இலகுவானது, விலை கூடியது, எல்லோருக்கும் தெரியும். சமதரையில் வேகம் பிடித்த பிறகு ஒரு கிலோ வித்தியாசம் காலுக்குப் பெரிதாகத் தெரிவதில்லை. எடைக்காக மட்டும் கார்பன் வாங்குவதாக இருந்தால் இந்த ஊரில் அது வீண்செலவு.

நான் கார்பன் பக்கம் சாய்ந்தது பேரிங்குக்காக. ஃபுல் சஸ்பென்ஷன் வண்டியின் பின்பகுதி பல மூட்டுகளில் மடங்கி நிமிர்கிறது. ஒவ்வொரு மூட்டிலும் இரண்டு பேரிங். வழக்கமான அலுமினிய டிரெயில் வண்டியில் பின் அச்சுக்குப் பக்கத்திலும் ஒரு ஜோடி மூட்டு இருக்கும். சக்கரம் வாரி இறைக்கும் புழுதி நேராக விழும் இடம் அதுதான். இப்போதைய கார்பன் கிராஸ் கன்ட்ரி வண்டிகள் பலவற்றில் (ஸ்காட் ஸ்பார்க், ஸ்பெஷலைஸ்ட் எபிக், கேனண்டேல் ஸ்கால்பெல்) அந்த மூட்டே கிடையாது. சட்டத்தின் (ஃபிரேமின்) பின்கை ஒன்றே சில மில்லிமீட்டர் வளைந்து கொடுத்து மூட்டின் வேலையைச் செய்துவிடுகிறது. கார்பன் இழையை எந்தத் திசையில் அடுக்கினால் எவ்வளவு வளையும் என்று கணக்குப் போட்டு அடுக்கலாம், லட்சம் முறை வளைந்தாலும் தாங்கும். அலுமினியம் அப்படியில்லை. சின்னச் சின்ன வளைவையும் அது கணக்கில் சேர்த்துக்கொண்டே போய் ஒருநாள் விரிசல் விடும். அதனால்தான் அலுமினியத்தில் இந்த ஏற்பாடு அரிது.

இரண்டு மூட்டு குறைவதில் என்ன வந்துவிடப்போகிறது என்று ஈரமான ஊர்க்காரர் கேட்கலாம். நம் செம்மண் புழுதி மாவுபோல நுண்ணியது. பேரிங்கின் மூடியான சீல் தாண்டி உள்ளே போய்க் கிரீஸில் கலந்தால் பேரிங்கை அரைக்கத் தொடங்கிவிடும். முதலில் மிதிக்கும்போது ஒரு கீச்சொலி வரும். அப்புறம் சீட்டைப் பிடித்து மெல்லத் தூக்கினால் 'டொக்' என்று ஆட்டம் தெரியும். அந்தக் கட்டத்தில் மாற்றியே ஆக வேண்டும், விட்டால் பேரிங் உட்காரும் துளையே தேயும். இதில் ஓர் ஆறுதல், அளவுகள் பொதுவானவை. 6902, 6802 என்று எண்ணைச் சொன்னால் மதுரையில் பேரிங் கடையில் கிடைக்கும். சைக்கிளுக்கென்றே வருவதில் குண்டுகள் நெருக்கமாக நிரம்பியிருக்கும். கடை பேரிங்கில் இடையே கூண்டு இருப்பதால் குண்டு குறைவு, சீக்கிரம் போகும். அவசரத்துக்கு ஆகும். இரண்டு வண்டிக்கும் பொதுவாக ஒன்று: பைக் சர்வீஸ் கடையில் வாட்டர் வாஷ் மட்டும் கொடுக்காதீர்கள். அந்த அழுத்தத்தில் தண்ணீர் எல்லா மூட்டுக்குள்ளும் போய்விடும்.

ஃபோர்க் (முன் சஸ்பென்ஷன்), ஷாக் (பின் சஸ்பென்ஷன்) பராமரிப்பில் வித்தியாசமே இல்லை. இவற்றைத் தயாரிக்கும் நிறுவனங்களில் ராக்‌ஷாக்ஸ் 50 மணி நேரத்துக்கு ஒருமுறை சின்ன சர்வீஸ், 200 மணி நேரத்துக்குப் பெரிய சர்வீஸ் என்கிறது. ஃபாக்ஸ் 125 மணி நேரம் அல்லது ஓராண்டு என்கிறது. சின்னதை வீட்டு முகப்பில் துணி விரித்து நாமே கற்றுக்கொண்டு செய்யலாம். பெரியதுக்குக் கழற்றி பெங்களூருக்கோ சென்னைக்கோ கூரியர்தான். கருவேல முள்ளுக்கும் இரண்டும் ஒன்றே: டியூப்லெஸ் போட்டு, ஓட்டையை அடைக்கும் திரவமான, வெயிலில் காயும் சீலண்டை இரண்டு மூன்று மாதத்துக்கொருமுறை நிரப்ப வேண்டும். கரிமூட்டத்துக்கு மரம் வெட்டும் நாட்களில் அந்தத் தடத்தையே விட்டுவிடுங்கள்.

கார்பனுக்கென்று தனித் தொல்லைகளும் உண்டு. சீட் போஸ்ட்டைக் கைக்கணக்கில் இறுக்கினால் விரிசல் விடும். இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரென்ச் வாங்கி, சட்டத்தில் எழுதியிருக்கும் அளவுக்கு, பெரும்பாலும் 5 நியூட்டன் மீட்டர் அளவில்தான் இருக்கும், இறுக்க வேண்டும். கார்பன் சட்டத்துக்குள் அலுமினிய சீட் போஸ்ட் இருந்து வியர்வையின் உப்பும் சேர்ந்தால் மின்வேதி அரிப்பு தொடங்கி அலுமினியம் பூத்து இறுகிக்கொள்ளும். 1953 முதல் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கும் ஊரில் இதை நான் விளக்கக் கூடாதுதான். ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை கழற்றித் துடைத்து, கார்பனுக்கென்றே வரும் பசையான கார்பன் பேஸ்ட் தடவினால் போதும். ஸ்டாண்ட் வேறு கிடையாது. "இம்புட்டு விலை குடுத்து வாங்கிருக்கீக, ஒரு ஸ்டாண்டு கூடவா வச்சுக் குடுக்கல?" என்று பக்கத்து வீட்டு ஆச்சி கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

அலுமினிய டிரெயில் வண்டி எங்கே ஜெயிக்கும்? மாதம் இருமுறையாவது கொடைக்கானல் பக்கம் போய்ச் செங்குத்தாக இறங்குபவருக்கு அதுதான் சரி. சஸ்பென்ஷன் கூடுதல், முன்ஃபோர்க் சாய்வு அதிகம், விழுந்தால் நசுங்கியது கண்ணுக்குத் தெரியும். இதை நண்பரின் வண்டியில் சிலமுறை இறங்கிப் பார்த்த அளவில்தான் சொல்கிறேன். அடிக்கடி இறங்குபவர் பேச்சை என் பேச்சுக்கு மேல் வையுங்கள்.

மறுவிற்பனையில் கார்பன் அடி வாங்கும். உள்விரிசல் இருக்குமோ என்ற பயத்திலேயே வாங்குபவர் விலையைக் குறைப்பார். அந்தப் பயத்தை நமக்குச் சாதகமாக்கிப் பழைய கார்பன் வண்டியை வாங்குவதும் ஒரு வழி. மிதிகட்டை அச்சுக்குக் கீழேயும் கீழ்க்குழாயின் அடியிலும் கல் அடித்த தடம் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். ஒட்டிய ஸ்டிக்கர் இருந்தால் உரிக்கச் சொல்லுங்கள். நாணயத்தால் தட்டிக்கொண்டே போகையில் ஓரிடத்தில் மட்டும் சத்தம் மங்கினால் அந்த வண்டி வேண்டாம். மிதி அச்சு திருகுமரை வகையா, அழுத்திப் பொருத்தியதா என்றும் கேளுங்கள். அழுத்திப் பொருத்தியதென்றால் புழுதியில் அது கிறீச்சிடும், கூடவே ஒரு ஆயிரம் இரண்டாயிரம் குறைத்துக் கேட்கலாம்.