சிட்டிகோலினா, எடரவோனா? எலிகிட்ட எல்லாமே பாஸ்தானுங்க

நம்ம ஈரோடு, கோயமுத்தூர் பக்கம் யாருக்காச்சும் ஸ்ட்ரோக் வந்து கை கால் இழுத்துக்கிச்சுன்னா சீட்டுல பாதி நேரம் சிட்டிகோலின் இருக்கும், இல்ல எடரவோன் ஊசி இருக்கும். ரெண்டுல எதுங்க நல்லதுன்னு மெடிக்கல்ல வந்து கேக்கறவங்களுக்கோசரம்தான் இது.

இந்த மாதிரி மருந்தையெல்லாம் மொதல்ல எலிக்கு ஸ்ட்ரோக் வர வெச்சுத்தான் சோதிப்பாங்க, அத பாத்துக்கலாம். கழுத்து ரத்தக்குழாய்ல மொனை உருண்ட நைலான் நூல (திருப்பூர்க்காரங்க சிரிக்காதீங்க) மூளை வரைக்கும் ஏத்தி அடைச்சு வெச்சு, ஒன்றரை ரெண்டு மணி நேரம் கழிச்சு உருவிடுவாங்க, ரத்தம் திரும்ப ஓடும். அப்பறம் வால புடிச்சு தூக்குனா அந்த எலி ஒரு முன்னங்கால மடக்கிக்கும். மறுநாள் மூளைய துண்டு போட்டு சாயத்துல ஊற வெச்சா உசுரு இருக்கற எடம் செவப்பு, செத்த எடம் வெள்ளை. வெள்ளை கொறைஞ்சா மருந்து பாஸ்.

சிட்டிகோலின் செல்லோட மேல்தோல் ஒடையாம காப்பாத்தற ரகம், எலில நல்லாவே வேலை செஞ்சுது. மனுசங்கள்ல 2012ல வந்த இக்டஸ் ட்ரயல்ல 2298 பேரு, தினம் 2 கிராம், ஆறு வாரம். டம்மி மருந்துக்கும் இதுக்கும் வித்தியாசமே இல்ல. தொந்தரவும் பெருசா இல்லங்கறதுதான் ஒரே ஆறுதல்.

எடரவோன் வேற ரகம், ரத்தம் திரும்ப ஓடறப்ப கிளம்பி செல்ல கெடுக்கற ஃப்ரீ ராடிக்கல புடிக்கும். ஜப்பான்ல 2001லயே அனுமதி, ஆனா அவங்க ட்ரயல் 250 பேரு சொச்சம்தான். கிட்னி வீக்குன்னா யோசிச்சுத்தான் போடுவாங்க. இதே வேலைய செய்யற என்எக்ஸ்ஒய்-059ங்கற மருந்து எலி, கொரங்கு எல்லாத்துலயும் ஜெயிச்சு, 2006ல மனுசங்கள்லயும் கொஞ்சம் நம்பிக்கை குடுத்துட்டு, 2007ல பெரிய ட்ரயல்ல புஸ்ஸுன்னு போச்சு, அதான் எனக்கு எடரவோன் மேல முழு நம்பிக்கை வரமாட்டேங்குது.

மூளை செல்ல காப்பாத்த வந்த இன்னொரு மருந்து நெரினெடைடு, அதோட கதை இன்னும் சுவாரசியம். 2012ல கொரங்குல பிரமாதம். 2020ல 1105 பேர்கிட்ட பாத்தா மொத்தத்துல பலன் இல்ல, ரத்தக்கட்டிய கரைக்கற ஆல்டிபிளேஸ் ஊசி போடாதவங்களுக்கு மட்டும் கொஞ்சம் தெரிஞ்சுது, ஏன்னா அந்த ஊசி கெளப்பிவிடற என்சைம் இத ஒடைச்சுப்போடுது.

எலில பாஸான மருந்து மனுசங்கள்ல ஏன் தோக்குதுன்னா, எலி எளசு, பிபி இல்ல, சுகர் இல்ல, மருந்தும் ஒடனே கெடைக்குது. நம்மாளு பர்கூர் மலை எறங்கி அந்தியூர் வந்து ஈரோடு சேர்றதுக்குள்ள ஆல்டிபிளேஸுக்கான நாலரை மணி நேரமே தாண்டிரும்.

என்னைக் கேட்டா ரெண்டுல எடரவோன் ஒரு படி மேல, அதுவும் ஆஸ்பத்திரில மொத நாள்லயே ஆரம்பிச்சாத்தான். வீட்டுக்கு வந்த பொறவு டாக்டர் எழுதுன பிபி மாத்திரை, ரத்தம் ஒறையாம இருக்கற மாத்திரை, பிசியோ இதுக்கெல்லாம் போக மிச்சம் காசு இருந்தா சிட்டிகோலின் வாங்குங்க, இல்லைன்னா அடுத்த தடவை போறப்ப இது அவசியமாங்கன்னு டாக்டர்கிட்டயே கேட்டுருங்க.