பெக்டரிக் காற்று லைனுக்கு எந்த டியூப்: பியூவா, நைலோனா?

தேயிலை பெக்டரிகளில் தூளை நிறம் பார்த்துப் பிரிக்கும் கலர் சோர்ட்டரும் பெக்கிங் மெஷினும் வந்த பிறகு காற்று லைன் இல்லாத மூலை குறைவு. கொம்ப்ரசரிலிருந்து வரும் இரும்புக் குழாயில் யாருக்கும் குழப்பமில்லை. மெஷினுக்குப் பக்கத்தில், நுனியைத் தள்ளினாலே கவ்விக்கொள்ளும் புஷ் ஃபிட்டிங்கில் குத்துகிறோமே, அந்த டியூப் விஷயத்தில்தான் கடையில் எது இருக்கிறதோ அதை வாங்கி மாட்டிவிடுகிறோம். டிக்கோயாப் பக்கம் நான் பார்க்கும் பெக்டரியில் அண்மையில் எல்லா லைனையும் புதிதாக இழுக்க வேண்டி வந்தது. பெரும்பாலும் ஈதர் வகை பியூவையே போட்டேன், அதாவது பொலியூரித்தேன். நைலோன் சில இடங்களில் மட்டும்.

பொலியெதிலீன் மலிவு. நிலையாகக் கிடக்கும் குறைந்த அழுத்த லைனுக்குப் போதும். சூடு பட்டால் இளகும், ஃபிட்டிங்கின் பல் கடித்த இடத்தில் நாளடைவில் கீறும். ஆடும் சிலிண்டருக்கு வேண்டாம். டெஃப்லோன் டியூப் 260 பாகை செல்சியஸ் வரை தாங்கும், ஆனால் வழுக்கும். பல் சரியாகப் பிடிக்க அதற்கேற்ற ஃபிட்டிங் வேண்டும், விலையும் அதிகம். அதை நான் ஒரே ஒரு இடத்தில்தான் போட்டிருக்கிறேன், ஆகவே நீண்டகாலக் கணக்கு சொல்ல மாட்டேன்.

மிஞ்சுவது பியூவும் நைலோனும். புஷ் ஃபிட்டிங் டியூபை வெளிப்பக்கமாகத்தான் பிடிக்கிறது. எஃகுப் பற்கள் மேற்பரப்பைக் கவ்வும், அதற்கு உள்ளே இருக்கும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் காற்றை அடைக்கும். வெளி விட்டமும் மேற்பரப்பும் சரியாக இருந்தால் பாதி வேலை முடிந்தது. மலையகத்தில் இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. பழைய மெஷின்கள் அங்குலக் கணக்கு, புதியவை மில்லிமீட்டர். கால் அங்குலம் என்பது 6.35 மி.மீ. அந்த ஃபிட்டிங்கில் 6 மி.மீ. டியூப் இலகுவாக நுழையும், பிடித்த மாதிரியும் இருக்கும். காற்றைத் திறந்ததும் சீறும், இல்லாவிட்டால் பிய்த்துக்கொண்டு பறக்கும்.

நைலோனுக்கு உரியதைச் சொல்லிவிட வேண்டும். அழுத்தத்திலும் சூட்டிலும் பியூவை விடக் கெட்டி. சாதாரண பியூ டியூப் 20 பாகையில் 8 முதல் 10 பார் அழுத்தம் வரை தாங்கும். 60 பாகைக்குப் போனால் அதில் பாதி போலத்தான் நம்பலாம். ஆகவே டிரையர் பக்கம் போகும் லைனுக்கு நைலோன்தான், அதுவும் நைலோன் 12. கடையில் வெறுமனே "நைலோன்" என்று தருவது நைலோன் 6 ஆகவும் இருக்கலாம். அது ஈரத்தை நன்றாக உறிஞ்சி அளவு மாறும். கொழுந்து லொறிகளின் ஏயார் பிரேக் லைனுக்குப் போடுவது நைலோன் 11 அல்லது 12. லொறி பாகங்கள் விற்கும் கடையில் அளவு பொருந்தினால் அதையே எடுக்கலாம்.

நைலோனின் குறை விறைப்பு. 6 மி.மீ. பியூவை 15 மி.மீ. ஆரத்துக்கு வளைக்கலாம், நைலோனுக்கு ஏறத்தாழ இரு மடங்கு இடம் வேண்டும். சோர்ட்டரின் வால்வு வரிசைக்குப் பின்னால் அந்த இடம் கிடையாது. வலிந்து வளைத்தால் டியூப் ஃபிட்டிங்கை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டே நிற்கும், ஓ-ரிங் ஒரு பக்கம் நசுங்கி மறுபக்கம் கசியும். ஃபிட்டிங்கை மாற்றி மாற்றிப் போட்டாலும் கசிவு நிற்காது.

ஆனால் என்னை முடிவெடுக்க வைத்தது ஈரம். காற்றை 7 பாருக்கு அழுத்தினால் அது எட்டில் ஒரு பங்கு இடத்துக்குள் அடங்குகிறது. அந்தச் சின்ன இடம் அவ்வளவு நீராவியைத் தாங்காது, மிச்சம் தண்ணீராக விழும். தென்மேற்குப் பருவத்தில் ஹட்டன், வட்டவளை, மஸ்கெலியாப் பக்கம் உள்ளே இழுக்கும் காற்றே ஏற்கெனவே நனைந்ததுதான். ராத்திரி லைன் குளிர்ந்தால் தொங்கும் வளைவுகளில் தண்ணீர் தேங்கும். உள்காற்றை உலர்த்தும் கருவி வைத்தாலும் வெளிப்பக்கத்துக்கு என்ன செய்வது? உருட்டும் அறையில் கொழுந்து புளிப்பதற்காக நாமே ஈரப்பதமூட்டி ஓட்டுகிறோம்.

பியூவில் எஸ்டர், ஈதர் என்று இரண்டு வகை. எஸ்டர் வகையின் இணைப்புகளைத் தண்ணீர் மெல்ல மெல்ல அறுக்கும், பூஞ்சணமும் தின்னும். ஈதர் வகை இந்த இரண்டுக்கும் நன்றாகத் தாக்குப்பிடிக்கும், குளிரிலும் விறைக்காது. எஸ்டருக்கும் ஒரு பலம் உண்டு, எண்ணெயையும் உராய்வையும் நன்றாகத் தாங்கும். லூப்ரிகேட்டர் வைத்து எண்ணெய்க் காற்று ஓட்டும் வொர்க்‌ஷொப்புக்கு அது சரி. தேத்தூள் மேல் படும் காற்றில் எண்ணெய் கலக்க யார் விடுவார்கள்?

எஸ்டர் டியூப் போய்விட்டதா என்று பார்க்க நிறத்தை நம்பவேண்டாம். வெளிச்சம் பட்டே பியூ மஞ்சளாகும், அது தனிக் கதை. ஃபிட்டிங்கிலிருந்து கழற்றிய நுனியை விரலால் தடவுங்கள், பிசுபிசுப்புத் தட்டும். இரு விரலுக்கிடையில் மடித்தால் நல்ல டியூப் துள்ளி நிமிரும், கெட்டதன் முதுகில் மயிர்க்கோடு போல வெடிப்பு ஓடும். அந்த நுனியை வெட்டிவிட்டு மறுபடி குத்திப் பயனில்லை, முழு நீளமும் அதே கதிதான்.

"எல்லாம் ஒரே பியூதான் அண்ணே" என்றுதான் கடையில் சொல்வார்கள். கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாதென்பது உண்மை. தரவுத்தாளைக் கேளுங்கள், "பொலியீதர்" என்று இருக்க வேண்டும். சந்தேகமென்றால் ஒரு துண்டைச் சுடுதண்ணீரில் போட்டு வாரக்கணக்கில் சூடாகவே வைத்துப் பாருங்கள், எஸ்டர் என்றால் வலுவிழக்கும். ஈதர் வகை கொஞ்சம் விலை கூட. சீசன் நேரத்தில் சோர்ட்டர் ஒரு பொழுது நின்றால் ஆகும் நட்டத்துக்குமுன் அது பெரிய காசில்லை.

எதை வாங்கினாலும் கத்தரிக்கோலால் நறுக்காமல் டியூப் கட்டரால் நேராக வெட்டுங்கள். கழற்றிக் குத்தும்போது பல் பட்ட நுனியை வெட்டி எறியுங்கள். மேலே எழுத்தே அச்சிடாத ரோலை நான் மெஷினுக்கு எடுப்பதில்லை. தூசு ஊதும் ப்ளோ கன்னுக்கு அது போதும்.